சிறு பாய்ப்படகு: ஓட்டுவதற்கு முன் நிறுத்தப் பழகுங்கள்

பாய்ப்படகு பழக வருகிறவர்கள் "இது எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். கிளப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். "மொதல்ல நிறுத்தத் தெரிஞ்சுக்கோங்க" என்பார்கள். தட்டிக்கழிக்கும் பதில் இல்லை அது. இந்தப் படகில் பிரேக் கிடையாது. பாயில் காற்று இருக்கும்வரை ஓடும், காற்றை வடித்துவிட்டால் நிற்கும். அது கைக்கு வந்துவிட்டால் பயத்தில் முக்கால்வாசி போய்விடும். மீதி கால்வாசி போகாமல் இருப்பதே நல்லது.

ஒருவரோ இருவரோ ஓட்டுகிற, கரையில் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துச் செல்லக்கூடிய டிங்கி வகைப் படகுகளைப் பற்றி மட்டும்தான் இங்கே சொல்லப் போகிறேன். அடியில் ஈயமோ இரும்போ கனமாக வைத்த பெரிய யாட்டுகளின் கதை வேறு. டிங்கியில் அந்தக் கனம் நீங்கள்தான். உங்கள் உடம்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதை வைத்தே படகு நிற்பதும் சாய்வதும்.

எதில் தொடங்குவது

குழந்தைகளுக்கு ஆப்டிமிஸ்ட். 1947-இல் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது. நீளம் 2.36 மீட்டர், படகின் வெற்றுடல் எடை 35 கிலோ. பெட்டி மாதிரி தட்டையாக இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் கவிழாது. பெரியவர்கள் தனியாக ஓட்டும் படகுகளில் உலகெங்கும் காணக் கிடைப்பது லேசர். புரூஸ் கிர்பி வரைந்தது, 1971-இல் விற்பனைக்கு வந்தது. இப்போது ஐ.எல்.சி.ஏ. என்ற பெயரில் பந்தயங்களில் ஓடுகிறது. 4.23 மீட்டர் நீளமுள்ள அதே உடலுக்கு மூன்று அளவுப் பாய்கள் உண்டு. மிகப் பெரியது சுமார் 7 சதுர மீட்டர், மிகச் சிறியது 4.7. எடை அதிகமுள்ளவரானாலும் புதியவர் என்றால் சிறிய பாயில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால் முதல் சில வாரங்களுக்கு இரண்டுமே வேண்டாம். இருவர் ஓட்டும் அகலமான படகில், தெரிந்தவர் ஒருவரோடு துணையாளாக ஏறுங்கள். முன்பாயின் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும், சுக்கான் அவர் கையில் இருக்கட்டும். காற்று கூடுவதும் குறைவதும் கயிற்றின் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். அதைப் படித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது.

உடுப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீந்தத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், உடலோடு இறுக்கமாகப் பொருந்தும் மிதவை உடுப்பு கட்டாயம். அது மேலே தூக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள். மீட்புப் படகு பக்கத்தில் இருக்கும் கிளப்களில் 50 நியூட்டன் வகையைப் போடுவது வழக்கம். அது நீந்தத் தெரிந்தவருக்கானது, மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பிக்கொடுக்காது. நீச்சல் தெரியாதவர் 100 நியூட்டனோ அதற்கு மேலோ உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். காலுக்கு மெல்லிய அடியுள்ள, கழன்று போகாத காலணி. கழுத்தில் விசில். சட்டைப்பையில் இருக்கும் வண்டிச் சாவியைக் கரையிலேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

காற்றைப் பார்த்த பிறகே படகைத் தொடுங்கள்

கரைக்கு வந்ததும் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, தண்ணீரில் சிற்றலை எந்தப் பக்கம் ஓடுகிறது, கட்டியிருக்கும் படகுகள் எங்கே மூக்கை நீட்டியிருக்கின்றன என்று ஐந்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். பிறகு காற்று வரும் திசையை நோக்கி முகத்தைத் திருப்புங்கள். இரண்டு கன்னத்திலும் சமமாகப் பட்டால் அதுதான் காற்றின் கண். அங்கிருந்து இடப்பக்கம் சுமார் 45 டிகிரி, வலப்பக்கம் சுமார் 45 டிகிரி வரை எந்தப் பாய்ப்படகும் நேராகப் போகாது. அங்கே போகவேண்டுமென்றால் வளைந்து வளைந்துதான் ஏறவேண்டும்.

காற்றின் வேகத்தை 'நாட்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். புதியவருக்கு 5 முதல் 10 நாட் வரை உகந்தது. காற்றின் வலுவை எண்ணால் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 3 என்றால் 7 முதல் 10 நாட். தண்ணீரில் அங்கொன்று இங்கொன்றாக வெள்ளை நுரை தெரியும். எங்கு பார்த்தாலும் நுரை என்றால் அது 4, அதாவது 11 முதல் 16 நாட். அன்றைக்குக் கரையில் நின்று முடிச்சு பழகலாம். காற்று இருமடங்கானால் பாயின் மேல் அழுத்தமும் இருமடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல, அழுத்தம் நான்கு மடங்காகும். 8 நாட்டில் சாதுவாக இருந்த படகு 16 நாட்டில் ஆளையே தூக்கி எறிவது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது கரையிலிருந்து வெளியே வீசும் காற்று. கரையோரம் தண்ணீர் கண்ணாடி போலிருக்கும், போகும்போது சுகமாக இருக்கும். தூரம் போகப் போகக் காற்று கூடும், திரும்பி வருவது காற்றை எதிர்த்து. ஏதாவது உடைந்தால் படகு கரையை விட்டு விலகித்தான் மிதக்கும். மீட்புப் படகு தண்ணீரில் இல்லாத நாளில், காற்று அந்தப் பக்கம் வீசினால் போகாதீர்கள். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

கரையில் படகைத் தயார் செய்வது

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி போகும் இடத்தில் பாய்மரத்தை நிமிர்த்தக் கூடாது. பாய்மரம் அலுமினியம், ஈரமான கை, ஈரமான தரை. வேறு விளக்கம் தேவையில்லை.

படகின் அணியம், அதாவது முன்முனை, காற்றைப் பார்த்து நிற்கட்டும். பாயை ஏற்றும்போது அது கொடி மாதிரி சும்மா படபடக்க வேண்டும். பக்கவாட்டில் நிறுத்தி ஏற்றினால் தள்ளுவண்டியோடு சேர்த்துப் படகு புரளும். அடுத்து, பின்பக்கத்தில் இருக்கும் வடிகால் திருகு. விரலால் தொட்டு, திருகி, இன்னொரு முறை திருகிப் பாருங்கள். "போட்டிருப்பாங்க" என்று நம்பாதீர்கள். திருகு இல்லாமல் இறங்கிய படகு உடனே மூழ்காது, அதுதான் வம்பு. கரையிலிருந்து நன்றாக விலகிய பிறகு, ஏன் இவ்வளவு மந்தமாகப் போகிறது என்று தோன்றும்போதுதான் தெரியவரும்.

பாய்மரம் ஏறியதும் பாய், பிறகு பாயின் அடியில் கிடையாக நீளும் கம்பமான பூம், பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கர், கடைசியாகப் பாயை இழுக்கவும் விடவும் உதவும் கயிறான மெயின்ஷீட். மெயின்ஷீட்டின் கடைசி முனையில் எட்டு முடிச்சு போடுங்கள். இல்லாவிட்டால் கையை விட்ட நொடியில் கயிறு எல்லாப் புல்லிகளிலிருந்தும் உருவிக்கொண்டு போய்விடும். தெரிந்துகொள்ள வேண்டிய முடிச்சுகள் நான்குதான். எட்டு முடிச்சு, இறுகாத கண்ணி தரும் போலைன், கயிற்றை மாட்டி நிறுத்தும் பிடியான கிளீட்டில் கட்டும் கட்டு, கம்பத்தில் ஒரு சுற்று சுற்றி இரண்டு அரைமுடிச்சு போடுவது. நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகுங்கள். போலைன் போடத் தெரியாதவரிடம் கிளப்பில் யாரும் படகைக் கட்டச் சொல்லமாட்டார்கள்.

சுக்கானை மாட்டியதும் அதைப் பிடித்து மேல்நோக்கி ஒரு இழு இழுங்கள். கழன்று வரக்கூடாது. அதைப் பிடித்துக்கொள்ளும் சின்ன ஸ்பிரிங் தகடு வேலை செய்யவில்லையென்றால், கவிழும்போது சுக்கான் தனியே போய்விடும். சுக்கான் இல்லாத படகை ஓட்ட முடியும், ஆனால் முதல் மாதத்தில் முடியாது.

முதல் பாடம்: நிற்பது

காற்று கரைக்குப் பக்கவாட்டாக வீசும் நாள்தான் பழகத் தோதானது. போகவும் சுலபம், வரவும் சுலபம். இடுப்பளவுத் தண்ணீரில் படகை அணியத்தில் பிடித்து நிறுத்தி, ஏறி, படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் பலகையான டேகர்போர்டைப் பாதி இறக்கி, சுக்கான் பலகையைத் தாழ்த்தி, கொஞ்சம் வெளியே வாருங்கள்.

இப்போது காற்று உங்கள் தோள்பட்டைக்குச் சற்று முன்னாலிருந்து வருமாறு படகைத் திருப்பி, மெயின்ஷீட்டை முழுக்கத் தளர விடுங்கள். பாய் படபடக்கும், சத்தம் போடும், படகு மெல்ல நிற்கும். கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டு கிடக்கும். கிளப்பில் இதைத்தான் ஓய்வு நிலை என்போம். மூச்சு வாங்கவும், கயிற்றைச் சிக்கெடுக்கவும், மூக்கைச் சொறியவும் இங்கே வரலாம். கொஞ்சம் கயிற்றை இழுங்கள், படகு நகரும். விடுங்கள், நிற்கும். இழு, விடு, இழு, விடு. முதல் நாள் முழுக்க இதை மட்டும் செய்தால்கூடப் போதும் என்பேன்.

பின்னாலிருந்து காற்று வரும்போது இந்த வித்தை பலிக்காது. கயிற்றை எவ்வளவு தளர்த்தினாலும் பாய் காற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்போது நிறுத்த வேண்டுமென்றால் முதலில் படகைக் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும், அதன் பிறகு விடவேண்டும்.

சுக்கானின் கைப்பிடி டில்லர். அதைத் தள்ளும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் படகு திரும்பும். நீங்கள் காற்று வரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பீர்கள் என்பதால், டில்லரை உங்களிடமிருந்து தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பும், உங்களை நோக்கி இழுத்தால் காற்றை விட்டு விலகும். குழப்பம் வந்தால் டில்லரைத் தள்ளு, கயிற்றை விடு. இந்த இரண்டையும் செய்தால் தொண்ணூறு சதவீதச் சங்கடங்கள் அடங்கிவிடும்.

கயிற்றைக் கிளீட்டில் பூட்டிவிட்டு உட்காரும் பழக்கம் வேண்டாம். கை வலிக்கத்தான் செய்யும். திடீர்க் காற்று அடிக்கும்போது பூட்டிய கயிற்றை எடுக்கத் தேவைப்படும் அந்த ஒரு நொடியில் படகு கவிழ்ந்திருக்கும்.

பாயை வைப்பது

காற்றின் கண்ணிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறீர்களோ அவ்வளவு பாயை வெளியே விடவேண்டும். காற்றை எதிர்த்து ஏறும்போது பூம் கிட்டத்தட்டப் படகின் நடுவே, குறுக்குக் காற்றில் பாதி வெளியே, பின்காற்றில் முழுக்க வெளியே. டேகர்போர்டு இதற்குத் தலைகீழ். ஏறும்போது முழுக்க இறக்கு, குறுக்கே போகும்போது பாதி தூக்கு, பின்காற்றில் முக்கால் தூக்கு.

சரியான இடம் எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். பாயின் முன் விளிம்பு, பாய்மரத்தை ஒட்டிய பகுதி, லேசாகத் துடிக்கும்வரை கயிற்றை விடுங்கள். துடிப்பு நிற்கும்வரை இழுங்கள். அங்கேயே நிறுத்துங்கள். காற்று மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே அரை நிமிஷத்துக்கு ஒரு முறை விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் பாயை அளவுக்கு மீறி இழுத்துத்தான் வைப்பார்கள். இறுக்கிப் பிடித்தால் படகு அடங்கும் என்று கை நினைக்கிறது. நடப்பது நேர்மாறு. படகு சாய்கிறது, முன்னே போவதற்குப் பதில் பக்கவாட்டில் வழுக்குகிறது.

பாயில் ஒட்டியிருக்கும் கம்பளி நூல்களைக் கவனியுங்கள். உள்பக்க நூலும் வெளிப்பக்க நூலும் ஒன்றாகப் பின்னோக்கி ஓடினால் பாய் சரி. வெளிப்பக்க நூல் துள்ளினால் கயிற்றைக் கொஞ்சம் விடுங்கள். உள்பக்க நூல் துள்ளினால் இழுங்கள், அல்லது காற்றை விட்டுச் சற்று விலகுங்கள்.

படகைத் தட்டையாக வைத்து ஓட்டுவதுதான் வேகம். சாய்ந்து பறப்பது படத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

டாக், ஜைப்

அணியத்தைக் காற்றின் கண் வழியாகத் திருப்பினால் டாக். பின்பக்கத்தைத் திருப்பினால் ஜைப். பழகும் வரிசையும் இதுதான்.

டாக் அடிப்பதற்குப் படகில் ஓட்டம் இருக்க வேண்டும். போகும் பக்கம் யாரும் இல்லையென்று பார்த்து, துணையாள் இருந்தால் "ரெடியா?" என்று கேட்டு, டில்லரை நிதானமாகத் தள்ளுங்கள். பூம் தலைக்கு மேலே வரும்போது குனிந்து, முன்பக்கம் பார்த்தபடி மறுபக்கத்துக்கு மாறுங்கள். உட்கார்ந்ததும் டில்லரை நேராக்குங்கள். கைகளை மாற்றுவது உட்கார்ந்த பிறகுதான், எழுந்து நின்று கையை மாற்றப் போனால் படகு எங்கோ போகும்.

பாதியில் நின்றுவிட்டால் படகு காற்றுக்கு நேராக மாட்டிக்கொள்ளும். பதற வேண்டாம். டில்லரையும் பூமையும் ஒரே பக்கம் தள்ளிப் பிடியுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து தானாக ஒரு பக்கம் திரும்பும். பிறகு டில்லரை இழுத்து, பாயையும் இழுத்தால் ஓட ஆரம்பிக்கும்.

ஜைப்பில் பாய் ஒரு பக்க முழு வீச்சிலிருந்து மறுபக்க முழு வீச்சுக்குப் போகிறது. இடையில் தலை இருந்தால் தலை. படகு மெதுவாக இருக்கும்போது செய்யலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். உண்மையில் படகு நன்றாக ஓடும்போதுதான் ஜைப் சுலபம். பின்னாலிருந்து வரும் காற்று 12 நாட், படகு ஓடுவது 5 நாட் என்றால் பாயில் படுவது 7 நாட்தான். படகு மந்தமானதும் அந்த 12-உம் பாயில் வந்து மோதும். ஆகவே படகைத் தட்டையாக்கி, வேகம் எடுத்து, டில்லரை மெல்ல இழுத்து, பூம் கிளம்பும் கணத்தில் மெயின்ஷீட்டைக் கொத்தாகப் பிடித்து ஒரு சுண்டு சுண்டி, தலையைக் குனிந்து மாறுங்கள். பூம் வந்து விழுந்த அதே நொடியில் டில்லரை நேராக்க வேண்டும். தாமதித்தால் படகு காற்றை நோக்கிச் சுழன்று கவிழும்.

காற்று கூடிவிட்டது, ஜைப் அடிக்கப் பயமாக இருக்கிறது என்றால் அடிக்காதீர்கள். காற்றை நோக்கிச் சுற்றிவந்து ஒரு டாக் அடித்தால் அதே திசைக்குத்தான் வந்து சேர்வீர்கள். அனுபவசாலிகளும் அதைச் செய்வார்கள், வெளியே சொல்லமாட்டார்கள்.

கவிழ்ந்தால்

கவிழ்வீர்கள். அதனால் முதல் வாரத்திலேயே, வெயில் அடிக்கும் நாளில், மீட்புப் படகை அருகில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள்.

முதல் விதி, படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். கரை பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். மிதக்கும் படகைத் தூரத்திலிருந்தே பார்க்க முடியும், நீந்தும் தலையைப் பார்க்க முடியாது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் முதல் ஒன்றிரண்டு நிமிஷம் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். அப்போது எதுவும் செய்யாமல் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தாலே போதும், அடங்கிவிடும்.

துணையாள் மேலே வந்துவிட்டாரா என்று பாருங்கள். மெயின்ஷீட்டையும் கிக்கரையும் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் பாய் தண்ணீரை அள்ளிக்கொண்டு எழும்ப மறுக்கும். பின்பக்கமாகச் சுற்றி நீந்தி, நீட்டிக்கொண்டிருக்கும் டேகர்போர்டைப் பிடியுங்கள். தாமதமானால் பாய்மரம் கீழே இறங்கித் தலைகீழாகிவிடும். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பலகையின் மேல் ஏறுங்கள், படகின் உடலை ஒட்டிய இடத்தில் கால் வையுங்கள். பலகையின் நுனியில் நின்றால் அது உடையும். பின்பக்கம் சாய்ந்து நில்லுங்கள். ஒன்றும் நடக்காததுபோலச் சில நொடி இருக்கும், பிறகு பாய் தண்ணீரிலிருந்து பிய்த்துக்கொண்டு எழும்.

பாய் காற்று வரும் பக்கத்தில் கிடந்தால் ஒரு சிக்கல் உண்டு. நிமிர்ந்த மறுகணம் காற்று பாயின் அடியில் புகுந்து படகை உங்கள் மேலேயே கவிழ்க்கும். அப்படிக் கிடந்தால் அணியத்தைப் பிடித்துக்கொண்டு மிதங்கள். அணியம் மெல்லக் காற்றை நோக்கித் திரும்பும், அதன் பிறகு நிமிர்த்துங்கள்.

யார் வழிவிடுவது

1972-ஆம் ஆண்டு கடல் மோதல் தடுப்பு விதிகள்தான் எங்கும் அடிப்படை. இரண்டு பாய்ப்படகுகள் நெருங்கினால், இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்குகிறவர் வலப்பக்கத்திலிருந்து வாங்குகிறவருக்கு வழிவிட வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கக் காற்று என்றால் காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் விலக வேண்டும். முந்துகிறவர் எப்போதும் விலகியே போகவேண்டும். இயந்திரப் படகு பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும் என்ற விதியும் உண்டு, ஆனால் குறுகலான கால்வாயில் வரும் கப்பலிடம் அதை நீட்டக் கூடாது. அங்கே வழிமறிக்காமல் இருக்க வேண்டியது நீங்கள்தான்.

கரைக்கு வந்த பிறகு

படகு தண்ணீரில் உடைவதாக நமக்குத் தோன்றும். அது உடைய ஆரம்பித்தது கரையில், யாரும் கழுவாத ஒரு சாயங்காலத்தில்.

உப்புத்தண்ணீரில் போனீர்களானால் நல்ல தண்ணீரால் எல்லாவற்றையும் கழுவுங்கள். உடலைவிட முக்கியம் புல்லி, கிளீட், சுக்கான் கீல், பாய்மரத்தின் பூட்டு. உப்பு காய்ந்து பரலாகி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அலுமினியப் பாய்மரத்தில் துருப்பிடிக்காத எஃகு ஆணியோ திருகோ தொடும் இடத்தில் அந்த உப்பு ஈரம் போதும், அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டே போகும். அதனால்தான் அந்த இரண்டு உலோகத்துக்கும் நடுவே தடுப்புப் பசை தடவுகிறோம். இரண்டு துண்டாக வரும் பாய்மரத்தை மாட்டியபடியே ஒரு மாதம் விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிப்போகும். பிறகு நாலு பேர் சேர்ந்து முறுக்கினாலும் வராது. ஒவ்வொரு நாளும் கழற்றி, கழுவி, தனித்தனியே வையுங்கள்.

புல்லிக்கு எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள். மணல் அதில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் வேலை செய்யும். தண்ணீரில் கழுவி, தேவைப்பட்டால் காய்ந்த சிலிகான் ஸ்பிரே அடித்தால் போதும்.

கழுவும்போதே கண்ணுக்கும் வேலை கொடுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாட்டும் ஊசியை அதன் இடத்தில் பிடித்திருப்பது நகக்கண் அளவுள்ள ஒரு வளையம், சாவிக்கொத்து வளையத்தின் குட்டி. கயிறு உரசி உரசி அதன் முனை விரியும். விரிந்தது ஒரு சுற்று சுழன்றால் ஊசி வெளியே வரும், ஊசி வந்தால் பாய்மரமே கீழே. விரிந்த வளையத்தை நசுக்கிச் சரிசெய்ய நினைக்காமல் புதியது போட்டு, மேலே இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றுங்கள். கம்பிகளையும் ஒரு பழைய துணியால் மேலிருந்து கீழ்வரை உருவிப் பாருங்கள். வெறும் கையால் வேண்டாம். நூல் சிக்கினால் ஒரு இழை அறுந்திருக்கிறது என்று பொருள். 19 இழைகள் முறுக்கிய கம்பியில் ஒன்று போனால் என்ன என்று தோன்றும். மற்ற 18-க்கும் அதே வயதுதான். கம்பியை மாற்றிவிடுங்கள்.

பாய்க்கு எதிரிகள் இரண்டு, வெயிலும் படபடப்பும். கரைக்கு வந்ததும் டீ குடிக்கப் போய்விட்டு, பாயை ஏற்றியபடியே அரைமணி நேரம் படபடக்க விடுவது அதை மெல்ல மெல்லக் கொல்வது. இறக்கி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்புக்கோட்டில் நெசவு நொறுங்கும். சலவை இயந்திரத்தில் போடவே கூடாது. கயிறுகளை வருஷத்துக்கு ஒரு முறை முனை மாற்றிப் போட்டால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. உறை தேய்ந்து உள்நார் தெரிந்தால் அந்தக் கயிறு படகுக்கு உதவாது. பையைக் கட்ட வைத்துக்கொள்ளலாம்.

உடலுக்குள் தண்ணீர்

கரைக்கு வந்ததும் வடிகால் திருகைத் திறந்து, பின்பக்கத்தைத் தாழ்த்துங்கள். ஒரு குவளை வந்தால் கவலையில்லை. வாளிக்கணக்கில் வந்தால் எங்கோ ஓட்டை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உடலின் இணைப்புகள், டேகர்போர்டு பெட்டியின் ஓரம், பாய்மரம் நிற்கும் குழி, பொருத்துகளின் திருகுகள் எல்லாவற்றிலும் சோப்புத்தண்ணீர் தடவிவிட்டு, வடிகால் துளை வழியாக வாயால் மெல்ல ஊதுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. கம்ப்ரெஸரை வைத்து ஊதாதீர்கள், இணைப்பே பிளந்துவிடும்.

மேல்தளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், நாணயத்தால் தட்டிப் பாருங்கள். "டிக் டிக்" என்று சுத்தமாகக் கேட்டால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் "டொப்" என்று செத்த சத்தம் வந்தால் அங்கே ஃபைபர் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. அதைத் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

மேல்பூச்சான ஜெல்கோட்டில் விழும் கீறலை நீங்களே பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஃபைபர் தெரிகிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள், தண்ணீர் ஊறும். கீறலைக் கூரான முனையால் சற்று அகலப்படுத்தி, உப்புத்தாள் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனால் துடையுங்கள். ஜெல்கோட்டில் கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கலக்கும் அளவு பொதுவாக எடையில் 1 முதல் 2 சதவீதம், டப்பாவில் எழுதியிருப்பதே கணக்கு. அந்தத் திரவம் கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். நேர் வெயிலில் செய்தால் கலக்கி முடிப்பதற்குள் கட்டியாகிவிடும். சற்று மேடாகவே நிரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள். சாதாரண ஜெல்கோட் காற்றுப்பட்டால் மேற்பரப்பில் பிசுபிசுவென்றே இருக்கும், தாள் ஒட்டினால் முழுக்க இறுகும். மறுநாள் தண்ணீர் விட்டு 400, 800, 1200 என்று உப்புத்தாளை மென்மையாக்கிக்கொண்டே போய்த் தேய்த்து, பாலிஷ் போடுங்கள். நிறம் அப்படியே பொருந்தாது. பொருந்தியதாக யாராவது சொன்னால் தூரத்தில் நின்று பார்த்திருப்பார்கள்.

டேகர்போர்டு, சுக்கான் பலகை இரண்டையும் வெயிலில் தரையில் போடாதீர்கள், வளைந்துவிடும். வளைந்த பலகை ஒரு பக்கம் நன்றாக ஏறும், மறுபக்கம் ஏறவே ஏறாது.

கடைசியில் தள்ளுவண்டியில் படகை ஏற்றி, உறை போட்டு, இரண்டு பக்கமும் தரையில் அறைந்த முளைகளில் கட்டுங்கள். திருகு திறந்தே இருக்கட்டும், உள்ளே காற்றுப் போகவேண்டும். திறந்ததை மறக்காமலிருக்கத் திருகை டில்லரோடு ஒரு நூலில் கட்டித் தொங்கவிடுவது என் வழக்கம். மறுநாள் டில்லரை எடுக்காமல் யாரும் போகமுடியாது.

கிளப்பும் சொந்தப் படகும்

கிளப்பில் சீக்கிரம் கற்றுக்கொள்ள நல்ல இடம் மீட்புப் படகு. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் அதில் உதவிக்கு ஏறிக்கொள்ளுங்கள். யார் எங்கே டாக் அடிக்கிறார்கள், ஏன் கவிழ்கிறார்கள் என்று முழுசாகப் பார்க்கலாம். பந்தயத் தொடக்கத்தின் கொடிகளும் அங்கேதான் மனப்பாடம் ஆகும். 5 நிமிஷம் இருக்கும்போது வகுப்புக் கொடி, அதாவது ஓடப்போகும் படகு வகையின் கொடி ஏறும், 4-இல் தயார்க்கொடி ஏறும், 1-இல் அது இறங்கும், பூஜ்யத்தில் வகுப்புக் கொடியும் இறங்கும். கொடிதான் கணக்கு, சத்தம் கவனத்தைத் திருப்புவதற்கு மட்டுமே. தண்ணீரில் இறங்கும்போது பதிவேட்டில் பெயர் எழுதுவதையும் திரும்பி வந்ததும் அடிப்பதையும் மறக்காதீர்கள். அடிக்க மறந்த ஒருவரைத் தேடி மீட்புப் படகு போகும், அவர் வீட்டில் குளித்துக்கொண்டிருப்பார்.

சொந்தமாக வாங்குவதை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் உங்கள் எடைக்கும் குணத்துக்கும் எது சரிவரும் என்று தெரிந்துவிடும். பழைய படகு பார்க்கப் போகும்போது பளபளப்பில் மயங்க வேண்டாம். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, அதே வகையின் நல்ல படகோடு எடையை ஒப்பிடுங்கள். ஊறிய படகு கனக்கும். பாய்மரம் குழியில் நிற்கும் வகை என்றால் அந்தக் குழியில் தண்ணீர் நிரப்பிக் கொஞ்ச நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் தண்ணீர் உடலுக்குள் போகிறது, பாய்மரம் நிற்கும் இடமே பலவீனம். பாய்மரத்தின் ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், வளைவு தெரியும். மேல்தளத்தில் நடந்து பார்க்க விற்பவர் விடவில்லையென்றால் காரணம் இருக்கும். பாயைக் கடைசியாகப் பாருங்கள், கசங்கிய பாய்க்காக ஒரு நல்ல உடலை விட்டுவிட வேண்டாம். தள்ளுவண்டியின் சக்கரத்தையும் உருட்டிப் பார்த்துவிடுங்கள். படகைப் பேசி முடித்த உற்சாகத்தில் பலரும் விட்டுவிடுவது அதுதான், வீட்டுக்கு வந்ததும் முதல் செலவும் அதுதான்.